வன்னியம்பட்டி விலக்கில் கிளி வண்டி

கோவிலில் முதல் மணி அடித்து ஓய்ந்தது. தேவஇரக்கம் வாத்தியார் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி வாசலில் நின்றார். மகள் இன்பம் புதுப் பாவாடையைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தாள். வீட்டோடு சேர்ந்த கரிக்கிட்டங்கி வாசலில் ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு நடப்பது லேசான காரியம் இல்லை.

ஏசம்மாள் கிளம்பவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோணி ஊசியால் ஒரு மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ வரலையா?" என்றார் வாத்தியார்.

"கிளி வண்டி கரி எடுக்க வரும். மொதலாளி மகளுக்கு இன்னைக்கு நிச்சயதார்த்தம்லா. மாப்பிள்ளை வீட்டாரக் கூட்டியாரப் போறாக."

"வண்டிக்கார வீரணனைக் குடுக்கச் சொல்லலாம்."

"இந்த மூட்டைய நாந்தான் குடுக்கணும்."

வாத்தியார் மூட்டையைப் பார்த்தார். பிறகு மனைவியின் கையைப் பார்த்தார். ஊசி ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"கூமாப்பட்டியில கரிமூட்டத்தை முந்திப் பிரிச்சியாமே?"

"வீரணனுக்கு வாய் நீளம்."

"ஏசம்மா, மன்னிச்சிரு. எத்தன வருஷமாச் சொல்லுதேன். அந்த ஆளை மன்னிச்சிரு. உனக்கே பாரம் குறையும்."

"பாரந் தூக்கித்தான் பொழப்பே நடக்கு. இது ஒண்ணு கூடுதலா இருந்துட்டுப் போகுது. ரெண்டாம் மணி அடிச்சிரும், போங்க."

அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். தெருமுனை வரைக்கும் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார்.

மூட்டத்தை அவள் முந்திப் பிரித்தது ஏன் என்று போன வாரமே பார்த்தோம். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக அதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

கிளி வண்டி என்பது ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே ஓடுகிற மோட்டார் பஸ். இரண்டு பக்கமும் பச்சைக் கிளி எழுதியிருக்கும். முதலாளி பெயர் ரத்தினம். பதினாலு வருஷத்துக்கு முன்னால், ராஜபாளையத்துக்குத் தெற்கே விறகை அடுக்கி மண்ணால் மூடி வேகவைக்கும் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த அருளப்பன் நெஞ்சு வலியோடு அந்த வண்டியில் ஏறினார். கூட மகள் ஏசம்மாள், ஏழு வயது மகன் வேதசிரோமணி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று மூன்று பேரும் நம்பியிருந்தார்கள்.

இன்னின்ன சாதியார் ஏறக் கூடாது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்த காலம் அது. வெளுத்த வேட்டி கட்டியிருந்ததால் ஏறும்போது யாரும் கேட்கவில்லை. வன்னியம்பட்டிக்குச் சாலை பிரிகிற விலக்கு வந்தபோது ரத்தினம் எழுந்து வந்து, "எந்தத் தெரு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான். வண்டி நின்றது. மூன்று பேரும் இறங்கினார்கள். சாலைப் புளியமரத்தின் அடியில் மகளின் மடியில் தலை வைத்துப் படுத்த அருளப்பன், மாட்டு வண்டி ஒன்று வந்து சேர்வதற்குள் போய்விட்டார்.

இறங்குவதற்குச் சற்று முன்னால் அவர் முன் சீட்டைப் பார்த்துக் கையை நீட்டி, "ஏலே தம்பி, நீ நம்ம பையன்தானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டது ஏசம்மாளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நம்ம பையன் யார் இருக்கப் போகிறார்கள்? வலி மிஞ்சி நினைவு தப்பிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

அதற்கப்புறம் உலகம் பாதி புரண்டுவிட்டது. ஆள் பார்த்து ஏற்றினால் லைசென்ஸ் போய்விடும் என்று ஜில்லா போர்டு உத்தரவு போட்டது. ராஜபாளையத்தில் மில் வந்தது. காலைச் சங்குக்கு ஓடுகிற அவசரத்தில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. பிறகு உலகச் சண்டை வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. வண்டியின் முதுகில் ஆள் உயர இரும்புப் பீப்பாய் ஒன்றைக் கட்டி, அதில் கரியை எரித்து, வருகிற வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். கரி இல்லாவிட்டால் கிளி பறக்காது.

கூமாப்பட்டி அடிவாரத்தில் மூட்டம் போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் கிட்டங்கி வைத்துக் கரி விற்றவள் அருளப்பன் மகள். ரத்தினம் முதலாளி அவள் வாசலுக்கு வந்துதான் ஆகவேண்டியிருந்தது. வந்தார், வாங்கினார், போனார். பழைய பேச்சு அவர் வாயிலிருந்து ஒருநாளும் வரவில்லை.

அவள் காத்திருந்தாள். முதலாளி மகளுக்குச் சம்பந்தம் கூடி, மாப்பிள்ளை வீட்டார் இன்றைக்குக் கிளி வண்டியிலேயே வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும், ஒரு மூட்டத்தை இரண்டு நாள் முந்திப் பிரித்தாள். முந்திப் பிரித்தால் கரி வெளியே கறுப்பாக இருக்கும், உள்ளே பச்சை மரமாக இருக்கும். எரிந்தால் புகையும் தாரும்தான். எஞ்சின் மூச்சு முட்டி நின்றுபோகும்.

அந்த அரைவேக்காட்டுக் கரியை மூட்டையின் அடியில் போட்டு, மேலே நல்ல கரியை நிரப்பி, இப்போது வாயைத் தைத்து முடித்தாள். மூட்டையைக் கவிழ்க்கும்போது நல்ல கரி முதலில் விழுந்து பீப்பாயின் அடிக்குப் போகும். அதுதான் முதலில் எரியும். கெட்டது தீயைத் தொடுகிறபோது வண்டி எந்த இடத்துக்கு வந்திருக்கும் என்பதைப் பல நாள் வீரணனின் மாட்டு வண்டியில் போய்ப் பார்த்து வைத்திருந்தாள்.

கிளி வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் அவள் தம்பி சிரோமணி.

"என்னக்கா, கோவிலுக்குப் போகலையா? கரி விக்கிற அவசரத்துல மோட்சத்தைக் கோட்டை விட்டுறாத."

"மோட்சத்துக்கு உன் வண்டி போகுமால்ல?"

"கரி குடு, போகும். ஏத்தத்துல மட்டும் எல்லாரும் எறங்கித் தள்ளணும்."

அவள் சிரித்தாள். இந்தத் தம்பியை அவள்தான் வளர்த்தாள். வாத்தியார்தான் படிக்க வைத்தார். ஆனால் அவன் மனசு மோட்டாரில் ஒட்டிக்கொண்டது. அய்யாவை இறக்கிவிட்ட வண்டியிலேயே வேலைக்குச் சேர்ந்தபோது அவள் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. வாத்தியாரோ கல்யாணத்துக்குப் பிறகு அந்த வண்டியில் ஒருநாளும் ஏறியதில்லை. எங்கே போனாலும் சைக்கிள்தான். மனைவியின் துக்கத்துக்கு மரியாதை என்று ஊர் மெச்சிக்கொண்டது.

"இந்த மூட்டை திரும்புகாலுக்கு. ராஜபாளையத்துல போடு. வாயைப் பிரிச்சு அப்படியே கவுத்தச் சொல்லு, கையால அள்ளிப் போட வேண்டாம்."

"சரிக்கா."

முதலாளி ரத்தினம் முன் சீட்டிலிருந்து தலையை நீட்டினார். பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம். மாப்பிள்ளை வீட்டாரைக் கௌரவமாக அழைத்து வரத் தம்பதியாகவே போகிறார்கள்.

"ஏட்டி ஏசம்மா, கரி நல்லாருக்கா? சம்பந்தகாரக ஏறுற வண்டி. நடுவழியில இருமிச்சுன்னா உன் தம்பி சீட்டக் கிழிச்சிருவேன், பாத்துக்கோ."

ஏசம்மாளின் கை ஒரு கணம் மூட்டையின் மேல் நின்றது. சிரோமணிக்கு வேலை போகும். அதை அவள் யோசிக்காமல் இல்லை. கரி வண்டியை இவன் மாதிரி ஓட்ட இந்தப் பக்கம் ஆள் கிடையாது, ஒருவன் துரத்தினால் இன்னொருவன் கூப்பிடுவான் என்று தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தாள். இப்போது அந்தச் சமாதானம் கொஞ்சம் மெலிந்து தெரிந்தது.

ஆனாலும் மூட்டையைத் தூக்கிவிட்டாள்.

"எங்க அய்யா கையால மூட்டம் போட்ட மாதிரி கரி மொதலாளி. எங்க நிக்கணுமோ அங்க வரைக்கும் கொண்டு போயிச் சேத்துரும்."

ரத்தினம் சிரித்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் மனைவி ஆவுடையம்மாள் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக ஏசம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க வந்து வாயை மூடிக்கொண்டவள் மாதிரி இருந்தது.

வண்டி புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. ஏசம்மாள் கிட்டங்கிக்குள் போனாள். மூலையில் தனியாக வைத்திருந்த இன்னொரு மூட்டையை, அப்பழுக்கில்லாத உடைமரக் கரியை, வீரணன் வண்டியில் ஏற்றினாள்.

"எங்க தாயி?"

"வன்னியம்பட்டி விலக்குக்கு."

*

புளியமரம் அப்படியேதான் இருந்தது. அந்தப் பக்கத்துக் கிளை ஒன்று மட்டும் இடி விழுந்து கருகியிருந்தது. வீரணன் மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டினான். ஏசம்மாள் மூட்டையை மரத்தடியில் இறக்கச் சொல்லி, அதன் மேல் உட்கார்ந்தாள்.

இந்த மூட்டைக்கு அவள் காசு கேட்கப் போவதில்லை. ரத்தினம் முதலாளி இந்த இடத்தில் நின்று, சம்பந்தகாரர்கள் காதில் விழும்படி, அன்றைக்கு என்ன செய்தார் என்பதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் கரி உண்டு. இல்லையென்றால் ராகு காலம் தொடங்கும் வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளங்களோடு ரோட்டில் நிற்கட்டும்.

வெயில் சாயத் தொடங்கியபோது தெற்கே புகை தெரிந்தது. முதலில் ஒழுங்கான வெள்ளைப் புகை. ஓடைப் பாலத்து ஏற்றத்தில் அது மஞ்சளாக மாறியது. எஞ்சின் ஒரு தடவை இருமியது, ரெண்டு தடவை இருமியது, பிறகு வரிசையாக இருமிக்கொண்டே வந்து, புளியமரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே உதறிவிட்டு நின்றது.

ஏசம்மாள் மூட்டையின் மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.

ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தாம்பாளங்கள் இறங்கின. வாழைப்பழத் தார் ஒன்று இறங்கியது. மாப்பிள்ளையின் அத்தை பாலம்மாள், கனத்த உடம்பு, படியில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"இதுதான் பொண்ணு வீடா? காத்தோட்டமா இருக்கு."

ஆண்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் மட்டும் சிரிக்கவில்லை. ராஜபாளையத்தில் பஞ்சு அரைவை பேக்டரி வைத்திருப்பவர். கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "நாலரைக்கு ராகு காலம்" என்றார். ரத்தினத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

"ஏலே சிரோமணி, என்னலே ஆச்சு?"

சிரோமணி பின்னால் ஓடிப் பீப்பாயின் கதவைத் திறந்தான். புகை முகத்தில் அடித்தது. "கரி வேகல மொதலாளி. பில்டர் பூரா தாரு ஒட்டிக்கிட்டு. நல்ல கரி இருந்தா செத்த நேரத்துல எடுத்துருவேன். இதை வச்சு விடிய விடிய மல்லாடினாலும் நகராது."

"நல்ல கரிக்கு இப்ப நான் எங்கலே போவேன்?"

"இங்க இருக்கு" என்றாள் ஏசம்மாள்.

எல்லோரும் திரும்பினார்கள். ரத்தினத்தின் முகம் மலர்ந்தது. "ஏட்டி, நீ எங்க இங்க? சாமி மாதிரி வந்தே! கொண்டா, கொண்டா."

அவள் மூட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இது எந்த எடம்னு தெரியுதா மொதலாளி?"

"வன்னியம்பட்டி விலக்கு. இது தெரியாதா? வெளையாடாத, நேரம் போகுது."

"இங்க வச்சு யாரை எறக்கி விட்டீகன்னு உங்க சம்பந்தகாரக கேக்கும்படியாச் சொல்லுங்க. சொல்லிட்டு மூட்டைய எடுத்துக்கோங்க. துட்டு வேண்டாம்."

ரத்தினம் அவளையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியில் சந்தனம் வேர்வையில் கரைந்துகொண்டிருந்தது. அவர் நிஜமாகவே யோசித்தார். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"எம்புட்டோ பேர எறக்கியிருக்கேன், தாயி. அந்தக் காலத்து வழக்கம் அது. எல்லா மோட்டார்லயும் உள்ளதுதான். ஒவ்வொருத்தரையும் நெனப்பு வச்சுக்கிட முடியுமா?"

"அருளப்பன். நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருந்தாரு. கூட நானும் இவனும். இந்த மரத்தடியில செத்தாரு."

"எனக்கு நெனப்பில்ல."

கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். கையை ஓங்குவார், போலீஸ் என்பார், காலில் விழுந்தாலும் விழுவார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். நினைப்பில்லை என்று சொல்கிறவனிடம் என்ன சொல்வது? பதினாலு வருஷம் அவள் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் இந்த ஆளுக்குச் சூடே தெரியவில்லை.

சிரோமணி பீப்பாயிலிருந்து ஒரு துண்டுக் கரியை எடுத்து முழங்காலில் வைத்து உடைத்தான். உள்ளே பழுப்பு மரம். அதைக் கையில் பிடித்தபடி அக்காளிடம் வந்தான்.

"நீயாக்கா?"

அவள் அவன் கையிலிருந்த துண்டைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"என் வண்டியவா நிப்பாட்டுன?"

"உன் வண்டியாலே? அய்யாவ எறக்கி விட்ட வண்டி!"

"அதனாலதானே ஓட்டுறேன்! அவர எறக்குன வண்டி நான் சொன்னாத்தான் நிக்கும், நான் சொன்னாத்தான் போகும். இந்த மரத்தைத் தாண்டும்போதெல்லாம் ஒரு ஹாரன் அடிக்கேன். ஆடு மாட்டுக்கா அடிக்கேன்? அய்யாவுக்கு அடிக்கேன். உனக்கு நீ செஞ்சது மட்டுந்தான் பழி. நான் தெனமும் வாங்குற பழி உன் கண்ணுக்குத் தெரியல."

"ஏலே, அக்காளும் தம்பியும் பொறவு பேசுங்கலே! மணி என்ன ஆச்சு தெரியுமா?" ரத்தினம் மூட்டையைத் தூக்கக் குனிந்தார். ஏசம்மாள் நகரவில்லை. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அப்போது ஆவுடையம்மாள் வண்டியை விட்டு இறங்கி வந்தாள். பட்டுச் சேலை முந்தானை புழுதியில் இழுபட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"எனக்கு நெனப்பிருக்கு" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றார் ரத்தினம்.

"பதினாலு வருஷம் சும்மாத்தானே இருந்தேன். காலையில இந்தப் பொண்ணு 'எங்க அய்யா'ன்னு சொல்லவும் பிடிபட்டுருச்சு. அவிய என்ன ரெண்டாந்தாரமாக் கட்டுன மறுவாரம் அது. மறுவீட்டுக்குப் போயிட்டு வந்துட்டிருந்தோம். புதுப் பொண்ணு, தலை நிமிரக் கூடாதுன்னு குனிஞ்சே உக்காந்திருந்தேன். ஆனா ஓரக்கண்ணால எல்லாம் பாத்தேன், காதும் கேட்டுச்சு." அவள் ஏசம்மாளைப் பார்த்துச் சொன்னாள். "எறக்கி விட்டது அவியதான். அதை இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்கள யாருன்னு அவியளுக்குத் தெரியாது. ஒருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சுச்சு."

"யாரு?"

"எங்களுக்குப் பக்கத்து சீட்டு. கோட்டுப் போட்டு, பூட்ஸ் போட்டுப் படிச்ச பிள்ள. அவியளே அந்தப் பிள்ளைகிட்ட மரியாதையாத்தான் பேசிட்டு வந்தாக. உங்க அய்யா பின்னாலருந்து கைய நீட்டி, அந்தக் கோட்டுக் கையத் தொட்டு, 'ஏலே தம்பி, நீ நம்ம பையன்தானே'ன்னு கேட்டாரு. சந்தோஷமாத்தான் கேட்டாரு. அந்தப் பிள்ள கோட்டுல ஒட்டுன கரியத் தட்டித் தட்டி விட்டுச்சு. பொறவு அவிய காதுகிட்டக் குனிஞ்சு, 'பின்னால இருக்கது எந்தத் தெருன்னு கேளுங்க'ன்னு சொல்லுச்சு."

சைக்கிள் மணி ஒன்று கேட்டது.

தேவஇரக்கம் வாத்தியார் வேகமாக மிதித்து வந்துகொண்டிருந்தார். கோவில் விட்டு, அப்புறம் சபைக் கூட்டமும் முடிந்து வந்து, கிட்டங்கி மூலையில் சிதறிக் கிடந்த அரைவேக்காட்டுத் துண்டுகளையும் வீரணனின் வண்டி இல்லாததையும் பார்த்து, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லை.

"ஏசம்மா! வேண்டாம்! மூட்டையக் குடுத்துரு!" என்று தூரத்திலேயே சொல்லிக்கொண்டு வந்தவர், ஆவுடையம்மாளைப் பார்த்ததும் காலை ஊன்றி நின்றார்.

ஆவுடையம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கோட்டைப் பார்த்தாள்.

"இவருதான்" என்றாள்.

ஏசம்மாள் சிரித்துவிட்டாள். "ஆளு மாத்திச் சொல்லுதீகம்மா. இவரு எங்க வீட்டுக்காரரு."

ஆவுடையம்மாளின் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. ஆனால் வந்த வார்த்தை வந்ததுதான்.

ஏசம்மாள் சிரித்த முகத்தோடேயே புருஷனிடம் திரும்பினாள். இல்லை என்று ஒரு வார்த்தை. அது போதும். இந்தப் பணக்காரப் பொம்பளையை மூட்டையோடு ஓடையில் தள்ளிவிடுவாள்.

"ஏசம்மா" என்றார் வாத்தியார். "எனக்கு அப்ப இருவது வயசு."

வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சிரிப்பு அவள் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது, எடுத்து வைக்க மறந்துபோன பாத்திரம் மாதிரி.

அய்யாவின் அடக்கம் முடிந்த மூன்றாம் மாதம் அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டு வந்து சேர்ந்தவர். தகப்பனில்லாத பெண்ணை, ஒரு பவுன் கேட்காமல் கட்டிக்கொண்டவர். சிரோமணிக்குப் பலகையும் குச்சியும் வாங்கிக் கொடுத்தவர். ஒவ்வொரு ராத்திரியும் ஜெபத்தில், எங்களுக்கு விரோதமாய்க் குற்றம் செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறது போல என்ற இடம் வந்ததும் குரல் தழுதழுத்தவர். மன்னிச்சிரு, மன்னிச்சிரு என்று இத்தனை வருஷம் கேட்டது ரத்தினத்துக்காக இல்லை.

"தெரிஞ்சா என்னையும் எறக்கிருவாகன்னு பயந்துட்டேன். சாவாருன்னு நெனக்கல. சத்தியமா நெனக்கல. அதுக்குத்தான் நான் அப்புறம்..."

"அப்புறம் என்னக் கட்டுனீக."

"ஏசம்மா..."

அவள் மூட்டையிலிருந்து எழுந்தாள். சேலையில் ஒட்டிய கரியைத் தட்டப் போனவள், கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"சிரோமணி, மூட்டைய எடுத்துக்கோ."

ரத்தினத்துக்கு உயிர் வந்தது. "ஆங், அதான் நல்ல புள்ள. யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சு போச்சு பாத்தியா? வீணா என்னப் போயி..."

"சொன்னவரு அவரு. எறக்குனவரு நீங்க. அவரு பங்கு உங்க பங்கைக் கழிக்காது." அவள் குரல் உயரவே இல்லை. அதைக் கேட்ட மாப்பிள்ளையின் தகப்பனார் கடிகாரத்தை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரத்தினத்தை ஒரு தினுசாகப் பார்த்தார்.

சிரோமணி வேலையில் இறங்கினான். பீப்பாயைக் காலி செய்தான். பில்டரைக் கழற்றி, தாரைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் துடைத்தான். நல்ல கரியைப் போட்டுத் தீ வைத்தான். கிளீனர் காற்றாடியைச் சுற்றினான். வேலை முடியும் வரைக்கும் அவன் அத்தானின் பக்கம் திரும்பவில்லை. எல்லாம் ஆனதும் ஏறி உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டினான்.

"மொதலாளி, எஞ்சின் ஆறிப் போச்சு. தள்ளித்தான் எடுக்கணும்."

"கிளீனரத் தள்ளச் சொல்லு."

"ஒத்த ஆளால ஆகாது. சம்பந்தகாரகளத் தள்ளச் சொன்னா நல்லாவா இருக்கும்? நீங்க ஒரு கை குடுங்க."

ரத்தினம் சுற்றிலும் பார்த்தார். உதவிக்கு வீரணன்கூட எழுந்திருக்கவில்லை. மாட்டுக்கு வைக்கோல் போடுவதில் மும்முரமாக இருந்தான். முதலாளி பட்டுச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு, பச்சைக் கிளியின் வாலில் தோளைக் கொடுத்தார்.

"எதுவரைக்கும்லே?"

"அந்தப் புளியமரம் வரைக்கும் தள்ளுங்க. அங்ஙன வந்தாத்தான் பிடிக்கும்."

வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. பீப்பாயின் கரியெல்லாம் ரத்தினத்தின் பட்டில் ஏறியது. பாலம்மாள் வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "சம்பந்தி நல்ல உழைப்பாளி. நம்ம பேக்டரியில ஒரு வேலை போட்டுக் குடுக்கலாம்" என்றாள். இந்தத் தடவை மாப்பிள்ளையின் தகப்பனாரும் சிரித்தார். புளியமரத்துக்கு நேராக வந்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. முன்னாலேயே பிடித்திருக்கும். சிரோமணிக்குத்தான் அவசரமில்லை.

அவன் கண்ணாடிக்குள் அக்காளைத் தேடினான். பாத்தியா, என்று கேட்கிற பார்வை. அவள் பார்க்கவில்லை. பதினாலு வருஷம் அவள் காண ஏங்கிய காட்சி முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கறுப்புக் கோட்டை.

எல்லோரும் ஏறினார்கள். "அக்கா, ஏறு" என்றான் சிரோமணி.

அவள் கிளி வண்டியில் மறுபடி கால் வைத்தாள். பின்னால் போகவில்லை. முன் சீட்டில், ஆவுடையம்மாளுக்குப் பக்கத்தில், அன்றைக்கு ஒரு படித்த பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். ஆவுடையம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். கறுத்த சட்டையோடு ஏறிய ரத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து, பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

வாத்தியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படியருகே வந்தார்.

"நானும் வாரேன் ஏசம்மா. வீட்டுல போயிப் பேசுவோம். சிரோமணி, சைக்கிள மேல போடச் சொல்லு."

சிரோமணி அக்காளைப் பார்த்தான். கிளீனரும் பார்த்தான். வண்டியே பார்த்தது.

"அவரு இங்க எறங்குறாரு" என்றாள் ஏசம்மாள்.

"அத்தான் ஏறவே இல்லையே அக்கா."

"பதினாலு வருஷமா ஏறி உக்காந்திருந்தாரு. இங்கதான் எறங்குறாரு. நீ வண்டிய எடு."

வண்டி கிளம்பியது. வாத்தியார் படியைப் பிடித்த கையை விட்டார். கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்து, பிறகு நின்றார். மரத்தடியில் அவரும் சைக்கிளும் சின்னதாகிக்கொண்டே போனார்கள். அவருக்குச் சைக்கிளாவது இருந்தது. அய்யாவுக்கு அதுவும் இல்லை.

சிரோமணியின் கை ஹாரனுக்குப் போனது. தினமும் அடிக்கிற இடம். அக்காளைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் அடித்த ஹாரன் ஓடை தாண்டி வன்னியம்பட்டி வரைக்கும் கேட்டிருக்கும்.

"பிள்ளைக இருக்கா?" என்று ஆவுடையம்மாள் மெல்லக் கேட்டாள்.

"ஒரு பொண்ணு. ஒம்பது வயசு. அப்பா மேல உசுரு."

தூரத்தில் ஆண்டாள் கோவில் கோபுரம் தெரிய ஆரம்பித்தது. வண்டி எப்படியும் சைக்கிளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்து, கிட்டங்கி வாசலில் இன்பம் புதுப் பாவாடையோடு இரண்டு பேரையும் எதிர்பார்த்து நிற்பாள். அப்பா எங்கே என்றுதான் முதலில் கேட்பாள்.

அந்தக் கேள்விக்கும் சைக்கிள் மணிச் சத்தத்துக்கும் நடுவில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், கதவைத் திறந்து வைப்பதா, தாழ் போடுவதா என்று ஏசம்மாள் முடிவு செய்தாக வேண்டும்.